கணினியில் குரலைக் காத்தல்



வீட்டுக் கணினியில் குரலைப் பதிவு செய்வதற்கு எத்தகைய கருவிகளை வாங்கலாம் என்று மாணவர் பலர் என்னை வினவுவதுண்டு. விடை கூறுமுன், நான் செய்த பிழை ஒன்றைக் கூறிவிடுகிறேன்.

என் தமக்கையார் நடவுப் பாட்டும் தாலாட்டும் நிரம்ப அறிந்தவர். ஏட்டில் ஏறாத அப்பாடல்களைக் காக்க விரும்பி, ஒருநாள் அவரைக் கணினியின் முன் அமர்த்திப் பாடச் செய்தேன். உரக்கக் கேட்கவேண்டும் என்று பதிவின் அளவை மிக உயர்த்தி வைத்தேன். குரல் ஓங்கிய இடமெல்லாம் கரகரப்பே பதிந்தது. மீண்டும் பதியலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் காலமானார்.

அக்கரகரப்பைப் பின்னர் ஏன் நீக்க இயலவில்லை? ஒலிவாங்கி, காற்றின் அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாகக் குறிப்பது வழக்கம். நம் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையில் கேட்கும். அதன் இருமடங்குக்கு மேல் அளந்தாலன்றி அலையின் வடிவம் முழுமையாகக் கிட்டாது. உயரத்தைக் குறிக்க, 16 பிட் பதிவில் 65,536 படிகள் உண்டு. உச்சப் படியையும் மீறிக் குரல் எழுந்தால், அதைக் குறிக்க எண்ணே இல்லை. அலையின் தலை வெட்டுண்டு போகிறது. நாழி நிறைந்தபின் வார்த்த பால் மண்ணுக்குத்தானே!

இனிக் கருவிகளைப் பார்ப்போம். முதற்செலவு ஒலிவாங்கிக்கே ஆகட்டும். கணினியோடு இணைந்த சிறு ஒலிவாங்கி, கணினியின் உள்விசிறி ஓசையையும் சேர்த்து வாங்கிவிடும். ஒருவர் பேசவோ பாடவோ, யு.எஸ்.பி. ஒலிவாங்கி ஒன்றே போதும். ஒலியை எண்ணாக்கும் உறுப்பு அதனுள்ளேயே உண்டு. இருவர் குரலைத் தனித்தனியே பதிய விரும்பினால், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் இணைப்புக் கருவியும், இரண்டு ஒலிவாங்கிகளும் வேண்டும். கண்டென்சர் வகை நுண்ணொலியையும் வாங்கும்; ஆனால் தெருவோசையையும் விடாது. அவற்றுள் பலவற்றிற்கு இணைப்புக் கருவியிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் தேவை. சந்தடி மிகுந்த வீட்டிற்கு, வாயருகே வைத்துப் பேசும் டைனமிக் வகையே ஏற்றது.

மென்பொருளுக்குப் பொருள் செலவிட வேண்டுவதில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றி, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி விலையின்றிக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. பதியவும், வெட்டி ஒட்டவும் அது போதும். விலையுயர்ந்த மென்பொருளாயினும், பதியாத குரலைப் படைத்துத் தர வல்லதன்று.

விலைகொடாமல் பெறும் நன்மைகளும் சில உண்டு. திறந்த வெளியில், ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் மிகும். அறையிலும் குரலே மேலோங்கி, எதிரொலி பின்தங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். வெற்றுச் சுவர்மீது கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். பாடுபவரை முதலில் உச்சக் குரலில் பாடச் செய்து, அளவுகோலின் முள் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு அமையுங்கள். 24 பிட் பதிவில் படிகள் 1 கோடியே 67 இலட்சத்திற்கும் மேல். ஆதலால் சற்றுத் தாழப் பதிந்தாலும் நுண்மை குன்றாது. மூலப்பதிவை வேவ் வடிவில் வையுங்கள், எம்.பி.3 வடிவம் இடத்தைச் சுருக்க ஒலியின் சில கூறுகளை விட்டுவிடும். பதிந்தவுடன், பாடியவர் எழுந்து செல்லுமுன், செவியில் ஒலிபெருக்கி அணிந்து கேட்டுப் பாருங்கள். நான் செய்யத் தவறியது அதுவே.

இளைஞர்களே! உங்கள் இல்லத்திலும் பாட்டியார் ஒருவர் இருக்கலாம். சிறந்த கருவி வரட்டும் என்று காத்திராதீர்கள். கையிலுள்ள கருவியைச் செவ்வையாக அமைத்து, வருகின்ற விடுமுறை நாளிலேயே அவரைப் பாடச் சொல்லுங்கள். கருவியை நாளையும் வாங்கலாம். குரலை அவ்வாறு வாங்க இயலாது.