மூன்று எண்களுக்குப் பொறுப்பானவர்கள்

இன்று பட்டமும் பட்டயமும் பெறும் மாணவச் செல்வங்களே, மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே பலர் இருப்பதால் தமிழிலேயே பேசுகிறேன்.

உங்கள் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் "லேப்பில் இருக்கிறான்", "ஸ்கேன் எடுக்கிறாள்", "டயாலிசிஸ் பார்க்கிறாள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதை இந்த வைப்பின் தீவின் வரலாற்றைக் கொண்டே சொல்லலாம்.

1982-ஆம் ஆண்டு ஓணப் பண்டிகையின்போது இங்கே மெத்தனால் கலந்த சாராயம் விற்கப்பட்டது. 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிற்று. தீவை எறணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-இல்தான் வந்தன. அதனால் 1982-இல் மருத்துவமனைக்கு எறணாகுளம் போகப் படகைத்தான் நம்பியிருந்தார்கள்.

மெத்தனால் குடித்தவுடன் ஆளைச் சாய்ப்பதில்லை. ஈரல் அதை மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. பாதிப்பு வெளியே தெரிய அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் காப்பாற்ற வழி உண்டு.

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? மெத்தனாலை நேரடியாக அளக்கும் கருவி பல மருத்துவமனைகளில் இல்லை. ஆனால் முதல் சந்தேகம் எழ, ரத்தத்திலுள்ள சோடியம், குளோரைடு, பைகார்பனேட் என்ற மூன்றின் எண்கள் இருந்தால் போதும். சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்துப் பார்த்து, ரத்தத்தில் வேண்டாத அமிலம் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் ஊகித்துவிடுவார். அந்த எண்களைத் தருபவர் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை மூடாமல் வைத்துவிட்டால் கரியமில வாயு வெளியேறி, பைகார்பனேட் பொய்யாகக் குறைந்து காட்டும். ஒரு மூடியில் சிகிச்சையே திசைமாறும். பிறகு நஞ்சை வெளியேற்ற டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்குபவர் ஒருவர். பார்வை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சோதிப்பவர் இன்னொருவர். இவர்களில் யார் தவறினாலும் மருத்துவரின் திறமை வீண்தான்.

இதைப் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

இவ்வளவு பொறுப்புள்ள தொழில்களுக்கு, நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு சட்டம் 2021-இல்தான் வந்தது. தேசியத் துணைநிலை மற்றும் நலப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்பது அதன் பெயர். 50-க்கும் மேற்பட்ட தொழில்களை அது 10 பிரிவுகளாக வகுக்கிறது. துணைநிலைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, நலப் பராமரிப்புத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு என்று வரையறுக்கிறது. மாநிலந்தோறும் மன்றம், தகுதி பெற்றவர்களுக்குப் பதிவேடு என்றும் சொல்கிறது.

இந்த மணிக்கணக்கைப் பரீட்சைக்கான நிபந்தனையாக மட்டும் பார்க்காதீர்கள். நோயாளி உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் உங்கள் முகத்தைக்கூட அவர் பார்ப்பதில்லை. மருத்துவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பவர், ரத்தத்தைச் சோதித்தவர் யார் என்று விசாரிப்பாரா? அவர் சார்பில் அந்த விசாரணையை நடத்தி முடித்ததற்கான அத்தாட்சிதான் நீங்கள் கையில் வைத்திருக்கும் சான்றிதழ். ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று சுவரில் விளம்பரம் ஒட்டுபவர்கள் உங்கள் பிழைப்பை மட்டும் கெடுக்கவில்லை; முகம் தெரியாத அந்த நோயாளியையும் ஏமாற்றுகிறார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. வேலையில் சேரும் முன் உங்கள் பெயரை முறைப்படி பதிவு செய்யுங்கள். நீங்கள் செய்யாத பரிசோதனைக்கு, யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓர் எண் சந்தேகமாக இருந்தால், மேலதிகாரி முகம் சுளித்தாலும் மறுபடி சோதியுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் உங்களை வளர்த்தவர்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.