இரும்பு மனிதப் பந்தயமும் மலைப்படிகளும்

(திருத்தணியில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஒரு பந்தயத்தைப் பற்றியதாகும். திருத்தணிக்கு வந்து பந்தயக் கதை பேசுவானேன் என்று சிலர் நினைக்கக் கூடும். மற்ற ஊர்களைவிட இந்த ஊரிலேதான் இதைப் பேச வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், மனித தேகம் எவ்வளவு பாடு தாங்கும் என்பதை வருஷந்தோறும் கண்ணால் பார்க்கிறவர்கள் நீங்கள். ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் காவடி தூக்கி, கால் நடையாகவே வந்து, 365 படிகளையும் ஏறுகின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களில் நெசவாளிகள் உண்டு, உழவர்கள் உண்டு, கூலி வேலை செய்கிறவர்கள் உண்டு. அந்தக் கால்களின் வலிமை யாருடையது என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில் பந்தயம் இன்னதென்று சொல்லுகிறோம். இதற்கு இரும்பு மனிதப் பந்தயம் என்று பெயர். கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியவுடன் சைக்கிளில் 180 கிலோமீட்டர் போக வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியவுடன் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். நமது ஊர்க் கணக்கில் சொன்னால், இங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்திற்கு ஏறக்குறையச் சைக்கிள் மிதித்துவிட்டு, பிறகு அரக்கோணம் வழியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேரும் தூரத்திற்கு ஓட வேண்டும். சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே கடலில் நீந்தி முடித்திருக்க வேண்டும். இவ்வளவும் 17 மணி நேரத்திற்குள் முடிய வேண்டும்.

இது எப்படி ஏற்பட்டது? யாதொரு ரிஷியும் வரம் கொடுத்து ஏற்படவில்லை. ஒரு வாக்குவாதத்தில் ஏற்பட்டது. நீந்துகிறவனா, ஓடுகிறவனா, சைக்கிள் விடுகிறவனா, யாருக்குத் தேக வலிமை அதிகம் என்று ஹவாய்த் தீவில் சிலர் பேசிக் கொண்டார்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பவர், அங்கே தனித்தனியாக நடந்து வந்த மூன்று பந்தயங்களையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரே நாளில் நடத்திப் பார்த்துவிடுவோம் என்றார். 1978-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி அப்படியே நடத்தப்பட்டது. புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் என்பவர் 12 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முதலாவதாக வந்தார். அன்று முன்னால் ஓடிக் கொண்டிருந்த ஜான் டன்பார் என்பவருக்குத் துணையாய் வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்து போயிற்று. அவர்கள் பீர் கொடுத்தார்கள். அவர் இரண்டாவதாக வந்தார். மதுவிலக்குப் பிரசாரகர்கள் இதைத் தாராளமாய் உபயோகித்துக் கொள்ளலாம்.

தோழர்களே! இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய ஏட்டைப் புரட்டவில்லை. பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. செய்து பார்த்தார்கள். கடிகாரத்தை வைத்து அளந்தார்கள். அறிவு வளருவது இவ்விதமாகத்தான்.

நிற்க, 1982-ம் வருஷத்துச் சங்கதியைச் சொல்லுகிறோம். ஜூலி மாஸ் என்ற 23 வயதுப் பெண், கல்லூரி மாணவி, இந்தப் பந்தயத்திற்கு வந்தார். பந்தயத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்ல. தேகப் பயிற்சியைப் பற்றிய தமது படிப்பில் எழுத வேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரைக்காக, தம் தேகத்தையே சோதனைக்கு வைக்க வந்தவர். அக்காலத்தில் இப்பந்தயத்தில் பரிசுப் பணமும் கிடையாது. 1986-ல்தான் அது ஏற்பட்டது. அப்படிப்பட்டவர் கடலை நீந்தி, சைக்கிளை முடித்து, ஓட்டத்தில் பெண்களுக்கெல்லாம் முன்னால் போய்க் கொண்டிருந்தார். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார், நடந்தார், மறுபடியும் விழுந்தார். கோட்டுக்குச் சில கெஜ தூரத்தில் விழுந்து கிடக்கையில், பின்னால் வந்த காத்லீன் மெக்கார்ட்னி என்ற பெண் அவரைத் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். ஜூலி மாஸ் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி. அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தது. முதலாவதாக வந்தவரைவிட, தவழ்ந்து வந்தவரைப் பார்த்துத்தான் பல்லாயிரம் பேருக்கு நாமும் ஓடிப் பார்ப்போம் என்ற எண்ணம் உண்டாயிற்று.

ஏன் விழுந்தார்? இதே காரியம் நமது படியில் நடந்தால் என்ன சொல்லுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். “விரதத்தில் குறை, தீட்டு பட்டிருக்கும், சுவாமிக்கு மனம் வரவில்லை” என்பார்கள். காவடி தூக்கினவன் ஏறி முடித்தால் அது சுவாமியின் மகிமை. மயங்கி விழுந்தால் அவனுடைய குற்றம். லாபம் எல்லாம் மேலே, நஷ்டம் எல்லாம் கீழே! இப்படி ஒரு மளிகைக் கடைக்காரன் கணக்கு எழுதினால் பங்காளி சும்மா இருப்பானா?

பந்தயத்தார் வேறு விதமாய்க் கணக்குப் பார்த்தார்கள். ஒரு மனிதன் தன் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கக் கூடிய சர்க்கரைச் சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்தான். இதிலிருந்து கிடைக்கும் சக்தி சுமார் 2,000 கலோரி. இந்தப் பந்தயம் முழுவதற்கும் வேண்டியதோ 8,000 கலோரிக்கும் மேல். மீதியை உடம்பிலுள்ள கொழுப்பு கொடுக்கும். ஆனால் அது மெதுவாகத்தான் கொடுக்கும். ஆகவே, வழியில் சாப்பிட்டுக் கொண்டே போக வேண்டும். வெயிலில் மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வை போகும். அதோடு உப்பும் போகும். ஆகவே தண்ணீரும் உப்பும் வேண்டும். வெறுந் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தாலும் இரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். சர்க்கரையும் நீரும் தீர்ந்தால் காலும் மூளையும் நின்று போகும். இது தீட்டுமல்ல, சாபமுமல்ல.

“அப்படியானால் மன உறுதி வேண்டாமா?” என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். ஜூலி மாஸைத் தவழ வைத்தது மன உறுதிதான். ஆனால் அவ்வளவு மன உறுதியுள்ளவரையும் நிற்க வைக்க அதனால் முடியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மன உறுதி வண்டியை ஓட்டுகிறவனைப் போன்றது. எண்ணெய் தீர்ந்த வண்டியில் ஓட்டுகிறவன் எவ்வளவு தைரியசாலியாய் இருந்து என்ன பயன்? அன்றியும், அந்த உறுதி அவருடையது. வேறு ஒருவர் அனுப்பிக் கொடுத்ததாக அதற்கு ரசீது இல்லை.

இன்னொருவர் சொல்லுவார்: “மடோனா புடர் என்ற கன்னியாஸ்திரி தமது 82-வது வயதில், 2012-ல், கனடாவில் இந்தப் பந்தயத்தை முடித்தாரே, அது பக்தியின் பலன் அல்லவா?” என்று. நியாயமான கேள்விதான், மறைக்க வேண்டியதில்லை. அந்த அம்மையார் பக்தியுள்ளவர் என்பது உண்மை. ஆனால் அவர் ஓடத் துவங்கியது சுமார் 48-வது வயதில். அதன் பிறகு முப்பது வருஷத்திற்கு மேல் ஓடியும் நீந்தியும் மிதித்தும் பழகியிருக்கிறார். ஜெபம் மட்டும் போதுமென்றால் இந்தப் பழக்கம் எதற்கு? அதே பந்தயங்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் முடித்திருக்கிறார்கள். நம்பிக்கையுள்ளவர்களும் பாதியில் நின்றிருக்கிறார்கள். ஆனால் பழகாதவன் முடித்தான் என்பது மாத்திரம் கேட்க முடியாத சங்கதி. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கிறதோ அது காரணமல்ல; எது இல்லாவிட்டால் நடக்காதோ அதுவே காரணத்தில் சேர்ந்தது. நமக்கு அந்த அம்மையாரிடம் மதிப்பு உண்டு. அந்த மதிப்பை அவருடைய கால்களுக்கே கொடுக்கிறோம்.

பழக்கத்தினால் தேகம் எப்படி மாறுகிறது என்பதும் ரகசியமல்ல. தினந்தோறும் பழகினால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. தசைக்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இரண்டு வார காலம் வெயிலில் பழகினால் உடம்பு சீக்கிரமாக வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைத்து விடவும் கற்றுக் கொள்ளுகிறது. இது பிராமணன் உடம்பிலும் இப்படியே. பறையன் என்று ஒதுக்கப்பட்டவன் உடம்பிலும் இப்படியே. தமிழ் பேசுகிற காலுக்கு ஒரு விதி, தெலுங்கு பேசுகிற காலுக்கு ஒரு விதி என்றும் இல்லை. 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி இவ்வூர் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்திற்கு வந்து சேர்ந்தது. அதற்காக இங்குள்ளவர்களின் தசையில் ஒரு நூலும் மாறவில்லை.

நிற்க, இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்தப் பந்தயத்திற்கு மூன்று பொருள் வேண்டும்: தண்ணீர், வாகனம், தெரு. இம்மூன்றையும் நமது நாடு எப்படி வைத்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர்: பொதுக்குளத்தில் கை வைத்துக் குடிப்பதற்கே 1927-ல் மகாத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துப் போக வேண்டியிருந்தது. குளத்தைத் தொடக் கூடாதவனுக்கு நீச்சல் எப்படி வரும்? தெரு: வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1924-லும் 1925-லும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. நடக்கவே கூடாத தெருவில் ஓடுவது எங்கே? வாகனம்: பெண் சைக்கிள் ஏறினால் குடும்ப மானம் போய்விடும் என்றார்கள். 1990-களின் துவக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக் கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். யாருடைய மானமும் போகவில்லை. தண்ணீர்க் குடமும், விளைபொருளும், பிள்ளைகளும் சைக்கிளில் ஏறின. அவ்வளவுதான்.

மேல்நாட்டாரும் இதில் யோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. 1967-ல் பாஸ்டன் நகரத்து நீண்ட ஓட்டத்தில் காத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடும்போது, பந்தய அதிகாரி ஒருவரே ஓடிவந்து அவர் மேலிருந்த எண் சீட்டைப் பிடுங்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டம் 1984-ல்தான் வந்தது. பெண்ணின் தேகம் தாங்காது என்று சொன்னவர்கள், அந்தத் தேகம் பிள்ளை பெறுவதையும், நாற்று நடுவதையும், கல் சுமப்பதையும் தினமும் பார்த்துக் கொண்டே அப்படிச் சொன்னார்கள். இரும்பு மனிதப் பந்தயத்திலோ 1979-லேயே, இரண்டாவது வருஷத்திலேயே, லின் லெமேர் என்ற பெண் முடித்துக் காட்டினார்.

இன்று தடுப்பது எது என்றும் சொல்லிவிட வேண்டும். பணம். இந்தப் பந்தயத்தில் பாதித் தூரம் 2019-ல் கோவாவில் நடந்தது. உத்தியோகத்தையும் தொழிலையும் கவனித்துக் கொண்டே, விடியுமுன் எழுந்து மாதக்கணக்கில் பழகியவர்கள் ஓடினார்கள். அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் பந்தயச் சைக்கிள் விலையும், சேருகிற கட்டணமும், ஊருக்குப் போய்வருகிற செலவும் ஒரு நெசவாளி வீட்டில் நினைக்கக் கூடியதா? முன்பு ஜாதி கட்டி வைத்த கதவிலே இப்போது பணம் காவல் நிற்கிறது. உழைக்கிற தேகத்திற்கு வலிமை உண்டு. ஓய்வும் நல்ல உணவும் இல்லை. ஓய்வு உள்ள தேகத்திற்கோ உழைப்பு இல்லை; அதனால் காசு கொடுத்து உழைப்பை வாங்குகிறார்கள்.

ஆதலால் நீங்கள் எல்லாரும் ஹவாய்த் தீவுக்குக் கப்பலேற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்பது சிறிய காரியங்கள்தான். முதலாவது, ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், எந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கும், பெரியவர்கள் முன்னிலையில் நீச்சல் கற்றுக் கொடுங்கள். 2021-ல் மாத்திரம் உலகத்தில் நீரில் மூழ்கி மாண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஏரியும் குளமும் கிணறும் உள்ள நமது நாட்டில் நீச்சல் என்பது விளையாட்டல்ல, உயிர்க் காப்பு. இரண்டாவது, சைக்கிள் இருக்கிற வீட்டில் பெண்ணுக்கும் அதைக் கொடுங்கள். மூன்றாவது, பள்ளிக்கூட மைதானத்தைக் காலையிலும் மாலையிலும் ஊருக்குத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். நான்காவது, காவடியானாலும் சரி, கட்டை வண்டியானாலும் சரி, வெயிலில் பாடுபடுகிறவன் மயங்கினால் விபூதியைத் தேடாமல் நிழலில் கிடத்தி, உடம்பை ஈரத்துணியால் குளிர வைத்து, நினைவு உள்ளவனுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்து, நினைவு தவறியவனை உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

மலை ஏறுகின்ற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஏறுவதைத் தடுக்க நாம் இங்கு வரவில்லை. ஏறி முடித்து உச்சியில் நிற்கும்போது, மூச்சு வாங்குகின்ற அந்தச் சமயத்தில், உங்கள் முழங்காலை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். 365 படியையும் ஏறியது அது. அதற்குச் சோறு போட்டது உங்கள் உழைப்பு. அந்தப் பெருமையை வேறொருவர் பேரில் பற்று எழுதாமல் உங்கள் பேரிலேயே வரவு வைத்துக் கொள்ளுங்கள். தன் காலின் வலிமை தன்னுடையது என்று அறிந்தவன் பிறகு யார் காலிலும் விழ மாட்டான்.

நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். பந்தயத்தார் செய்தது போல நீங்களே செய்து பார்த்து, அளந்து பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.