பொதுப் பணத்தில் எழுந்த இசை மேடை

(பண்பாட்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊடகம் யாருடைய உடைமை என்ற கேள்வியைச் செய்தியை முன்வைத்தே நாம் வழக்கமாக விவாதிக்கிறோம். இன்று இசையை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் அரை நூற்றாண்டாக வந்துகொண்டிருக்கும் ‘ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்’ என்ற கச்சேரித் தொடரே என் எடுத்துக்காட்டு. ஏகாதிபத்தியத்தின் தலைமை நாட்டிலிருந்தா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம். முதலாளித்துவத்தின் கோட்டைக்குள்ளும் சந்தைக்கு வெளியே சிறியதோர் இடம் உருவாகியிருந்தது என்பதாலேயே அது கவனத்திற்குரியது.

1967இல் அங்கே பொது ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. அரசு நிதியை உள்ளூர் நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப் பொது ஒளிபரப்புக் கழகம் அமைக்கப்பட்டது. இந்த ஏற்பாடு இருந்ததால்தான் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் ஒரு நிலையம், 1974 அக்டோபரில், வில்லி நெல்சனின் கச்சேரியை முன்னோட்டமாகப் பதிவு செய்ய முடிந்தது. நாஷ்வில் நகர இசைத்தட்டு முதலாளிகளின் வார்ப்பில் அடங்க மறுத்து டெக்சாஸ் திரும்பியவர் நெல்சன். மறு ஆண்டு, பார்வையாளர்களிடம் நன்கொடை திரட்டும் நாட்களில் அது ஒளிபரப்பானது. வரவேற்பு கிடைத்தது, 1976இல் தொடர் தொடங்கியது.

அந்த மேடை இருந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகக் கட்டிடம் ஒன்றின் ஆறாவது மாடி. சில நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. இசைக்குழுவின் பின்னால் மின்னும் நகரத்தைக் கண்டு, கச்சேரி திறந்தவெளியில் நடப்பதாகவே பலர் நம்பினார்கள். அது தச்சர்கள் செய்து நிறுத்திய பின்திரைதான். கலைஞர் எத்துணைப் புகழ் பெற்றவராயினும் தொழிற்சங்கம் நிர்ணயித்த ஊதியமே. பருத்தி விளையும் டெக்சாஸ் மண்ணில் பிறந்த கறுப்பினப் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸ், தன் முதுமையில், 1979இல் அங்கே பாடினார். மெக்சிகோ வழிவந்த உழைக்கும் மக்களின் அக்கார்டியன் இசையை ஃபிளாக்கோ ஹிமெனெஸ் அங்கே வாசித்தார். விளம்பரதாரரைக் கேட்டு முடிவெடுக்கும் வணிகத் தொலைக்காட்சி இவர்களுக்கு ஒரு முழு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கும்?

இனி மறுபக்கம். அந்தப் பெயர் மதிப்புப் பெற்றதும் மூலதனம் தேடி வந்தது. 2002இல் அதே பெயரில், உரிமம் பெற்று, தனியார் நிறுவனமொன்று பெரும் இசைவிழாவைத் தொடங்கியது. அங்கே நுழைய விலை கொடுக்க வேண்டும். 2014இல் அவ்விழாவை நடத்திவந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை லைவ் நேஷன் என்ற உலகளாவிய நிறுவனம் கைப்பற்றியது. தொடரும் 2011இல் ஆறாவது மாடியை விட்டிறங்கி, ஆடம்பர விடுதியை ஒட்டிய, 2,750 பேர் கொள்ளும் அரங்குக்குக் குடிபெயர்ந்தது. 2022இல் அந்த வளாகம் முழுவதையும் 26 கோடி டாலருக்கு வாங்கியவர்கள் யார்? நாஷ்வில் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரைமன் நிறுவனத்தார்! நெல்சன் எந்த நகரத்தின் வணிகப்பிடியிலிருந்து விலகி வந்தாரோ, அதே நகரத்தின் மூலதனம் அவர் மேடையின் நிலவுடைமையாளர் ஆகிவிட்டது. எனினும், ஒளிப்பதிவுக்கு வருவோருக்கு இன்றும் இலவச அனுமதிதான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2025 ஜூலையில் டிரம்ப் அரசு, ஏற்கெனவே ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்த சுமார் 110 கோடி டாலர் பொது ஒளிபரப்பு நிதியைத் திரும்பப் பெற்றது. அடுத்த சில நாட்களிலேயே பொது ஒளிபரப்புக் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஆஸ்டின் போன்ற செல்வ நகரங்களின் நிலையங்கள் நன்கொடையாளரைக் கொண்டு தாக்குப்பிடிக்கலாம். வருவாயில் பெரும்பங்குக்கு அரசு மானியத்தையே நம்பியிருந்த சிற்றூர் நிலையங்களுக்கு அந்த வழி இல்லை.

அரசு உடைமை என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என நான் கூறவில்லை. நம் அகில இந்திய வானொலி 1952இல் தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதே காலத்தில் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களைத் தாழ்ந்தவை என்று ஒதுக்கினார். மக்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அதன் பின்னரே, 1957இல், விவித் பாரதி வந்தது. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் நடைமுறைக்கு வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; தன்னாட்சி என்று பெயர், பணப்பை இன்றும் ஒன்றிய அரசின் கையில்.

வானொலி, தூர்தர்ஷன் நிலையங்களில் பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள இசைப்பதிவுகள் மக்கள் பணத்தில் உருவானவை. அவற்றைக் கட்டணமின்றிக் கேட்கும் உரிமையையும், நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அந்த நிலையங்களில் நிலையான நேரத்தையும் உரிய ஊதியத்தையும் நமது பண்பாட்டு அரங்கின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்குமாறு முன்மொழிகிறேன்.