அழைப்பும் அழையாமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளின் நட்பும் கொண்டாட்டமும் இக்காலத்துக் கருவிகளால் எவ்வாறு மாறியுள்ளன என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தனர். இளைஞரைக் குறைகூறவென்றே மேடையேறும் மரபொன்று முதியோரிடையே உண்டு. அம்மரபை நாம் இன்று பின்பற்றப் போவதில்லை.

டில்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொலைக்காட்சி சோதனை முறையில் தொடங்கிற்று. எனினும் நம் குவார்ட்டர்ஸ் வரிசைகளுக்கு அது வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோதும், வண்ணப் பெட்டி உடைய வீடு வரிசைக்கு ஒன்றிருந்தாலே பெரிது. சித்ரஹார் நேரத்தில் அவ்வீட்டு வாயிலில் செருப்புகள் குவியும். பின்னர் வீடியோ வந்தது. பல வீட்டார் பணம் சேர்த்து, பெட்டியை ஓரிரவு வாடகைக்கு எடுத்து, விடிய விடியத் தமிழ்ப்படங்கள் பார்த்தோம். பார்த்த படங்கள் மறந்துவிட்டன. நள்ளிரவில் வந்த உப்புமா மறக்கவில்லை.

பிறந்தநாள் விருந்தென்றால் டேப்ரெக்கார்டர் உடைய வீட்டிலிருந்து அது தூக்கி வரப்படும். நாடா சிக்கினால் பென்சிலால் சுற்றிச் சரிசெய்ய அவ்வீட்டுப் பையனும் உடன் வருவான். யாரை அழைப்பது என்பதைத் தீர்மானித்தவர்கள் அம்மாக்கள். “எதிர்வீட்டுப் பையனோடு சண்டை” என்று முறையிட்டால், “சண்டையை நாளைக்கு வைத்துக்கொள், இப்போது போய்க் கூப்பிட்டு வா” என்ற மறுமொழியே கிட்டும்.

இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தவர்கள் நாமேயன்றோ? நன்மையும் விளைந்துள்ளது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊர் சென்று அத்தை, மாமா பிள்ளைகளைக் கண்டவர்கள் நாம். நம் பிள்ளைகளோ திருநெல்வேலியில் இருப்பவர்களோடு நாள்தோறும் பேசிச் சிரிக்கின்றனர். அதனால் அவர்களுடைய தமிழும் சற்றுத் தேறியுள்ளது.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியைக் கூறாதிருக்க இயலவில்லை. நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு சனிக்கிழமை மாலை தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மாடி கீழே அவளுடைய தோழியின் பிறந்தநாள் விருந்து. அதற்கென அவளை விடுத்து வேறொரு வாட்ஸ்அப் குழு அமைத்திருந்தனர். விருந்தின் படங்களோ இன்ஸ்டாகிராமில் நிமிடந்தோறும் அவள் கண்முன் வந்து விழுந்தன. கேக் வெட்டியதையும் யார் அருகில் யார் நின்றார் என்பதையும் இருளில் அமர்ந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய தாய்க்கு இது தெரியவந்தது மூன்று வாரங்களுக்குப் பின்னர்.

நம் காலத்திலும் விடுபட்டவர் உண்டு. ஆனால் அவர் மறுநாள்தான் அறிவார். அதுவும் அரைகுறையாக அறிவார். பெரும்பாலும் அவருக்கு முன்னரே ஏதேனும் ஓர் அம்மா அறிந்து, ஒரு தட்டில் இனிப்பை அனுப்பியிருப்பார். இன்று அழைப்புப் பட்டியல் பெரியவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விடுபட்ட பிள்ளைக்கு மட்டும் முழுதும் புலப்படுகிறது.

விருந்துக்குச் சென்ற பிள்ளைகளுக்கும் நிம்மதி குறைவே. நாம் தாளம் தப்பி ஆடியது அந்த அறையோடு முடிந்தது. இப்போது ஆடுவோரைவிடப் படம் எடுப்போர் மிகுதியாதலால், கூச்சமுடைய பிள்ளை சுவரோரம் நின்றுவிடுகிறது. (பெரியவர்களாகிய நாமும் திருமண வீட்டில் தாலி கட்டும் வேளையில் கைபேசியைத்தான் உயர்த்திப் பிடிக்கிறோம்.)

ஆதலால் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வரும் பொங்கல் விழாவையொட்டி நடைபெறும் இளைஞர் மாலைக்கு அழைப்பு கைபேசியில் செல்லட்டும். அத்துடன், பிள்ளைகள் இருவர் இருவராக நம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தின் கதவையும் தட்டி நேரில் அழைக்கட்டும். லிஃப்ட் இல்லாத பிளாக்குகளை எவர் ஏற்பது என்பதில் இப்போதே வழக்கு எழுந்துள்ளது. வீடுகளின் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. பெயர் விடுபட்டிருப்பின் இன்றே அவரிடம் சொல்லுங்கள்.