நீரில் ஊறிய மரக்கலம்

கடலில் மூழ்கிய மரம் அழிந்துவிடும் என்பர். 1628ஆம் ஆண்டில் தன் முதற்பயணத்திலேயே ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தில் ஆழ்ந்த ‘வாசா’ என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பலோ, 1961இல் பெரும்பாலும் உருக்குலையாமலே மேலெடுக்கப்பட்டது. பால்டிக் கடலின் உவர்குறைந்த நீரில் மரந்துளைக்கும் கப்பற்புழு பெருகுவதில்லை.

ஆபத்து அதன்பின்னரே தொடங்கிற்று. நீரூறிய மரத்தின் நுண்ணறைகளைத் தாங்கி நிற்பது நீரே. அது விரைந்து வற்றினால் மரம் சுருங்கி வெடிக்கும். ஆகவே, நீரின் இடத்தை நிரப்பவல்ல பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் மெழுகுபோன்ற பொருளின் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தனர். பின்னர் மெல்ல உலர்த்தினர்.

2000ஆம் ஆண்டளவில் மற்றொரு பகை வெளிப்பட்டது. மரத்தில் ஊறியிருந்த கந்தகம் காற்றுப்பட்டு அமிலமாயிற்று. துருவேறிய ஆணிகளின் இரும்பு அதற்குத் துணைசெய்தது. ஆணிகள் மாற்றப்பட்டன, காட்சிமண்டபத்தின் ஈரப்பதம் இன்றும் சீராகப் பேணப்படுகிறது. மூழ்கியதை மேலெடுப்போர், அதனைக் காக்கும் நெடும்பொறுப்பையும் உடன் ஏற்றல் வேண்டும்.