தோள் மீண்டும் மீண்டும் விலகும்போது

(நூற்றாண்டு விழா மருத்துவ அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவைப் பற்றியோ இருதயத்தைப் பற்றியோ பேசுவோம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் தோள்மூட்டைத் தெரிவு செய்தோம். அதற்குக் காரணம் எமது வகுப்புத் தோழி ஒருத்தி. அவளது சம்மதத்துடன்தான் பேசுகிறோம்.

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வலைப்பந்து விளையாடும்போது அவளது வலது தோள் விலகியது. ஊரிலிருந்த முறிவு நெரிவு வைத்தியர் அதை ஏற்றிவிட்டார். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ பிள்ளையள், நாளைக்குக் கலியாணம் பேசேக்கை கை ஊனம் எண்டு சொல்லிப்போடுவினம்" என்றார் அவளது அம்மா. நாமும் சொல்லவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, உரப்பை மூட்டையைத் தலையில் வைக்கக் கையை உயர்த்தியவளின் தோள் மறுபடியும் விலகியது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் இழுத்து ஏற்றினார். அதன்பின் கொடியில் உடுப்புக் காயப்போடும்போதும், தலை இழுக்கும்போதும், நித்திரையில் புரளும்போதும் விலகியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவள் அதை மறைத்தே வாழ்ந்தாள்.

ஏன் இப்படி நேர்கிறது? எமது உடலில் மிக அதிகமாக அசையும் மூட்டு தோள்தான். அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. மேற்கை எலும்பின் தலை பெரியது. அது பொருந்தும் குழி சிறியது, ஆழமற்றது. தேநீர்ச் சாசரில் தோடம்பழத்தை நிறுத்தியது போன்ற அமைப்பு. குழியைச் சுற்றியுள்ள கசியிழைய விளிம்பும், இணைப்பு நார்களும், தசைகளும்தான் அதை விழாமல் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் தோள் முன்பக்கமாகவே விலகும். அப்போது முன்விளிம்பு எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். பிய்ந்த விளிம்பு உரிய இடத்தில் ஒட்டாவிட்டால் கதவு திறந்தே கிடக்கும். முதல் விலகல் இருபது வயதுக்குள் நேர்ந்தால், அது திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். நாற்பதைக் கடந்த எம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஆனால் தோளைச் சுற்றியுள்ள தசைநாண் கிழிந்திருக்கலாம்.

இந்த நோய் புதியதல்ல. பண்டைய கிரேக்கத்தின் ஹிப்போகிரற்றீஸ் மரபு நூல்களில், அடிக்கடி விலகும் தோளுக்குக் கக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் முறை சொல்லப்பட்டுள்ளது. தழும்பு இறுகி மூட்டைத் தடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. லண்டனைச் சேர்ந்த பாங்காட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்தான் 1923இல் பிய்ந்த விளிம்பையே மூலகாரணமாகக் காட்டி, அதைத் திரும்பப் பொருத்தும் முறையை எழுதினார்.

இன்று முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பாங்காட் முறை. இப்போது இது பெரும்பாலும் சிறுதுளைகள் ஊடாகக் கமெராவின் உதவியுடன் செய்யப்படுகிறது. குழியின் ஓரத்தில் நூல் கோர்த்த சிறு முளைகளை இறக்கி, பிய்ந்த விளிம்பையும் தளர்ந்த நார்களையும் இழுத்துக் கட்டுவார்கள். எலும்பு தேயாதவர்களுக்கு இது பொருத்தமானது. தழும்பும் சிறியது. ஆனால் இளவயதினருக்கும், மோதி விளையாடுபவர்களுக்கும் மறுபடி விலகும் வாய்ப்பு முற்றாக நீங்குவதில்லை.

இரண்டாவது, பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த லற்றார்ஷே 1954இல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு விலகலிலும் குழியின் முன்னோரம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து தேயும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால், விளிம்பை மட்டும் கட்டுவது போதாது. தோளின் முன்னால் காகச் சொண்டு போல வளைந்த ஒரு எலும்பு முனை இருக்கிறது. அதை அதனுடன் ஒட்டிய தசைநாணோடு வெட்டி, குழியின் முன்னோரத்தில் திருகாணியால் பொருத்துவார்கள். எலும்பு குழியை அகலமாக்கும். கையை உயர்த்தும்போது தசைநாண் முன்னால் கச்சை போலத் தாங்கும். உறுதியான முறைதான். ஆனால் பெரிய சத்திரசிகிச்சை. அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்படவும், திருகாணியோ எலும்பு ஒட்டுவதோ சிக்கல் தரவும் இடமுண்டு.

மூன்றாவது, றெம்பிளிசாஜ். பிரெஞ்சு மொழியில் 'நிரப்புதல்' என்று பொருள். விலகும்போது குழியின் ஓரத்தில் இடிபட்டு, எலும்புத் தலையின் பின்புறத்தில் பள்ளம் விழுவதுண்டு. அது பெரிதாக இருந்தால், பின்பக்கத் தசைநாணை அதற்குள் தைத்து நிரப்புவார்கள். இது வழமையாகப் பாங்காட் முறையுடன் சேர்த்தே செய்யப்படும். கையை வெளிப்புறம் திருப்பும் அளவு சற்றுக் குறையலாம்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்து, தோள் பல பக்கமும் வழுகுபவர்களுக்கு மாதக்கணக்கான தசைப்பயிற்சியே முதற்சிகிச்சை. வலிப்பு உள்ளவர்களுக்கு முதலில் வலிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும். எந்த வழி என்பதை எக்ஸ்றே, எம்.ஆர்.ஐ., எலும்புத் தேய்வை அளக்கும் சி.ரி. ஸ்கான் ஆகியவற்றைப் பார்த்தே நிபுணர் தீர்மானிப்பார். சத்திரசிகிச்சைக்குப் பின் நாலு முதல் ஆறு கிழமைகள் வரை கையைத் தூக்குக் கட்டில் வைத்திருக்க வேண்டும். பிறகு பயிற்சி. மோதி விளையாடச் சுமார் ஆறு மாதங்கள் செல்லும். பயிற்சியைக் கைவிட்டால் தோள் இறுகிவிடும்.

எமது தோழி முப்பத்தைந்து வயதில் ஸ்கான் எடுத்தபோது, குழியின் முன்னோரம் கால்பங்குக்கு மேல் தேய்ந்திருந்தது. இரண்டாவது முறைதான் எஞ்சியிருந்தது. செய்துகொண்டாள், அதன்பின் தோள் விலகவில்லை. ஆனாலும் கை முழுமையாக வெளித்திரும்புவதில்லை. குளிர்காலத்தில் மூட்டு நோகிறது. "நேரத்தோடை காட்டியிருந்தா ரெண்டு மூண்டு துளையோடை முடிஞ்சிருக்கும்" என்று எம்மிடம் சொன்னாள். போர்க்காலத்தில் அது முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னரும் அவளை மறைக்கச் செய்தது போர் அல்ல. நாமும் அந்த மறைப்புக்குத் துணை போனோம்.

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் தந்தார். அந்த மண்ணின் பிள்ளைகள் நாம். எமது உடலைப் பற்றி எமது மொழியில் பேச வெட்கப்படத் தேவையில்லை.

மாணவிகளே, தோள் விலகினால் நீங்களாக இழுக்க வேண்டாம். மற்றவரை இழுக்க விடவும் வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் இழுப்பது பெருந்தீங்கு. சேலைத் துண்டால் கையைத் தாங்கிக் கட்டி, வைத்தியசாலைக்குப் போங்கள். மயக்கமருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் உண்ண வேண்டாம். மேற்கையின் வெளிப்புறம் விறைத்திருந்தால், விரல்கள் குளிர்ந்திருந்தால் உடனே சொல்லுங்கள். ஏற்றியபின் நோ போய்விட்டது என்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். இரண்டாம் முறை விலகினால் என்பு முறிவு நிபுணரைக் கட்டாயம் காணுங்கள்.

தாய்மாரே, கலியாணத்துக்கு முன்னே பிள்ளைக்குக் கை வேண்டும். அக்கைமாரே, லண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்கள் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து மகிழ்கிறோம். அவர்களுக்கும் இதுவே சொல். எமது தோழி இந்த விழாவுக்காக ஊருக்கு வந்து, இன்று முன்வரிசையில் இருக்கிறாள். காலையில் கொடியேற்றும்போது அவள் வலது கையை உயர்த்திக் கயிற்றை இழுத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.