மூக்குப்பேணியும் குழந்தையின் உணவுப் பையும்



குழந்தைக்கு எதை ஊட்டுவது என்பதுபற்றி வானொலியிலே பலரும் பேசியிருக்கிறார்கள். எந்தக் கலத்திலே ஊட்டுவது என்பதுபற்றிப் பேசினோர் மிகச் சிலரே. இன்று அதனைப் பேச விரும்புகின்றேன். ஆறு மாதம் நிறையும் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலொன்றே போதும் என்பது மருத்துவர்கள் கூறும் முடிபு. அதற்குப் பின்னர், தாய்ப்பாலுடன் பிற உணவும் சேரத் தொடங்கி, குழந்தை வீட்டாருடன் அமர்ந்து உண்ணப் பழகும் வரையுள்ள காலமே இங்கு நாம் கருதும் காலம்.

அண்மைக்காலத்தில் நம் யாழ்ப்பாணத்து வீடுகளிலே ஒரு புதுப் பொருள் காணப்படுகின்றது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பை. அதன் தலையிலே ஒரு குழாய் வாய். வாய்க்கு ஒரு திருகுமூடி. குழைத்த பழத்தையோ மசித்த சோற்றையோ அதனுள் நிரப்பிக் கொடுத்தால், குழந்தை பையை அமுக்கி உறிஞ்சி உண்ணும். கடையில் நிரப்பி விற்கப்படும் பையை ஒருமுறை பாவித்து எறிந்துவிட வேண்டும். வேறொரு வகையோ, அடியிலோ பக்கத்திலோ ஒரு திறப்பு உடையது. வீட்டு உணவை அதன் வழியே நிரப்பி, உண்டபின் கழுவி, மீண்டும் மீண்டும் பாவிக்கலாம். தொரொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இதனைக் கொண்டுவருகிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்திலே, வீதியிற் சனநெருக்கத்தின் நடுவே, தந்தையின் தோளிலிருந்தபடி பேரப்பிள்ளை பையை உறிஞ்சுவதை ஆச்சிமார் வியப்புடன் பார்க்கிறார்கள். ஊரிலே வேலைக்குச் செல்லும் தாய்மாரும் இப்போது இதனைத் தேடுகிறார்கள்.

அவர்கள் தேடுவதிற் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருத்தித்துறையிலிருந்து காலையில் பேருந்தேறி யாழ்ப்பாண நகருக்கு வேலைக்கு வரும் தாய், பிள்ளையை அம்மம்மாவிடமோ பராமரிப்பு நிலையத்திலோ விட்டுச் செல்கிறாள். சிந்தாமல் சிதறாமல் உணவு கொடுத்தனுப்ப ஒரு கலம் அவளுக்கு வேண்டும். அந்தத் தேவை மெய்யானது. ஆதலால், பை வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதை விடுத்து, எத்தகைய பை, எப்போது, எப்படி என்று கேட்பதே பயனுடையது.

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் முன்னோரின் அடுக்களையிலேயே ஒரு மூக்குப்பேணி இருக்கின்றது. வாயகன்ற பித்தளைப் பேணி. அதன் பக்கத்திலே ஒரு சிறு மூக்கு. உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காக அமைந்த கலம் அது. குழந்தைக்குப் பாலும் மருந்தும் பருக்குவதற்குச் சங்கு இருந்தது. சங்கின் வடிவிலே வெள்ளியாற் செய்த சிறு கலமும் அப்பெயரே பெற்றது. தமிழகத்தார் அதனைப் பாலாடை என்பர். கூழ் குடிப்பதற்குப் பனையோலையைக் கோலிப் பிளா செய்தார்கள். குடித்து முடிந்ததும் பிளாவை எறிந்துவிடுவார்கள். ஓலை மண்ணோடு மண்ணாகிவிடும். இவற்றிற்கெல்லாம் மேலாக, பனை தானே ஒரு கலம் தருகின்றது. நுங்கின் கண்ணிலே பெருவிரலை நுழைத்துக் குடைந்து உறிஞ்சிய சிறுவருக்கு உறிஞ்சும் பை ஒரு புதுமையா?

இந்தக் கலங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பேணியின் உள்ளே கை நுழையும். சங்கின் உட்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பழப்புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து வெயிலிற் கவிழ்த்தால் பேணியின் உள்ளும் புறமும் ஒருங்கே மின்னும். மூக்கு ஒன்றே விரல் புகாத இடம். அதுவும் குறுகிய நேரான வழியாதலால் ஓர் ஈர்க்கு நுழைந்துவிடும். பிளாவைக் கழுவவே தேவையில்லை. கழுவும் கலமாயின் முழுவதும் கழுவக்கூடியதாக இருக்கவேண்டும்; அன்றேல் ஒருமுறையுடன் மண்ணுக்குப் போகவேண்டும். முன்னோர் கலங்கள் உணர்த்தும் விதி இதுவே.

மூக்குள்ள கலம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலே, கி.மு. 1200 முதல் கி.மு. 450 வரையுள்ள காலத்துக் குழந்தைகளின் புதைகுழிகளில் மூக்குடைய சிறு மட்கலங்கள் கிடைத்தன. அவற்றின் உட்புறத்தில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்த அறிஞர்கள், அவை விலங்கின் பாலை ஊட்டப் பயன்பட்டவை என்று 2019ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அசைபோடும் விலங்குகளின் பால் அது. குழந்தைக்கென ஒரு கலம் வனையும் அன்பு மிகப் பழையது என்பதை அம்மட்கலங்கள் காட்டுகின்றன.

ஆனால் அன்பு மாத்திரம் போதாது என்பதைக் காட்டவும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் ஒருவகைப் பாற்போத்தல் பெருவழக்காக இருந்தது. கண்ணாடிப் போத்தலிலிருந்து நீண்டதோர் இரப்பர்க் குழாய் புறப்படும். குழாயின் நுனியிலே சூப்பி இருக்கும். யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தை கிடந்தபடியே தானாக உறிஞ்சிக்கொள்ளும். வேலை மிகுந்த தாய்மாருக்கு அது பெரும் வசதியாகத் தோன்றியது. ஆனால் குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியில்லை. பால் அதனுள் ஒட்டிப் புளித்தது, கிருமிகள் பெருகின, குழந்தைகள் வயிற்றோட்டத்தால் மாண்டார்கள். ஆங்கில நாட்டிலே அதற்குக் கொலைப்போத்தல் என்றே பெயர் வந்தது. பிரான்சு தேசம் 1910ஆம் ஆண்டிலே குழாய்ப் போத்தல்களின் விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. அக்கலத்தைக் கொடுத்த தாய் எவளும் அன்பிற் குறைந்தவள் அல்லள். கலத்தின் உட்புறம் அவள் கண்ணுக்கு எட்டவில்லை, குற்றம் அவ்வளவே.

நமது குடாநாட்டிலே இந்த எச்சரிக்கைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இங்கே வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரைக் கிணறுகளால் எடுத்துப் பருகுகின்றோம். சுண்ணாம்புக்கல் துளையும் பிளவும் உள்ளது. மேலேயுள்ள அழுக்கை வடிகட்டும் ஆற்றல் அதற்குக் குறைவு. சிறு வளவொன்றினுள் கிணறும் மலக்குழியும் அருகருகே இருக்குமானால், நோய்க்கிருமிகள் கிணற்றை அடைதல் எளிது. பார்வைக்குத் தெளிந்த நீர் தூய நீராகிவிடாது. எனவே குழந்தையின் கலத்தை இறுதியாக அலசும் நீர் கொதித்தாறிய நீராக இருத்தல் வேண்டும்.

இனி, கழுவிப் பாவிக்கும் பையை வாங்க விரும்புவோர் பார்க்கவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, திறப்பு. அது பையின் முழு அகலத்துக்கும் இருக்கவேண்டும். இரண்டு விரல் உள்ளே சென்று எல்லா மூலையையும் தொடவேண்டும். மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருப்பது நன்று. பையை உட்புறம் வெளியாகப் புரட்ட முடியுமாயின் இன்னும் நன்று. மூடும் பள்ளத்திலே உணவு தங்கும். ஆதலால் அப்பள்ளம் ஒன்றாக இருப்பது இரண்டாக இருப்பதினும் மேல்.

இரண்டாவது, பொருள். சிலிக்கன் என்னும் பொருளாலாய பைகள் கொதிநீரைத் தாங்கும். மெல்லிய பிளாஸ்ரிக் பைகள் பல தாங்கமாட்டா. அவற்றிற் சூடான உணவை இடவும் கூடாது.

மூன்றாவது, மூடி. குழந்தையின் வாய்க்குள் அடங்கும் சிறு மூடி தொண்டையில் அடைக்கும் ஆபத்துடையது. வாய்க்குள் புகாத அளவு பெரிய மூடியுள்ள பையையே தெரிந்தெடுங்கள். குழந்தை உண்ணும்போது மூடி உங்கள் கையிலே இருக்கட்டும்.

வாங்கிய பையைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிறிது குரக்கன் கூழை அதனுள் நிரப்பி, ஒரு மணிநேரம் வைத்து, பின்னர் வழக்கம்போலக் கழுவுங்கள். வெள்ளைத் துணியொன்றை விரலிற் சுற்றி, மூலைகளையும் மூடும் பள்ளத்தையும் துடையுங்கள். ஒரு பஞ்சுத்திரியை ஈர்க்கிற் சுற்றிக் குழாய் வாயினுள் விட்டு எடுங்கள். துணியிற் கபில நிறம் ஏறினால், அந்தப் பை உங்கள் குழந்தைக்கு ஏற்றதன்று. விலை எத்தனையாயினும் விட்டுவிடுங்கள்.

கழுவும் முறையும் கடினமானதன்று. உணவு காயுமுன் உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள். சவர்க்காரமும் சிறு தூரிகையும் கொண்டு குழாயையும் மூலைகளையும் தேயுங்கள். கொதித்தாறிய நீரால் அலசி, வாய் விரிந்திருக்கும்படி கவிழ்த்து, உள்ளே ஈரம் அறவே இல்லாதவாறு காயவிடுங்கள். ஈரத்துடன் மூடிவைத்த பையிலே பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பையை நாள்தோறும் முறையாகக் காயவைக்க நேரமில்லையெனில், அந்த வீட்டுக்குப் பை பொருந்தாது. மூடியுள்ள எவர்சில்வர்ப் பேணியும் கரண்டியுமே பொருந்தும்.

நேரக் கணக்கையும் மறவாதிருங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. காலை ஆறு மணிக்கு நிரப்பிய பை, குளிரில் வைக்கப்படாவிட்டால், எட்டு மணிக்குப் பின் உதவாது. குழந்தை வாய் வைத்து உறிஞ்சிய பையில் உமிழ்நீர் கலந்திருக்கும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கக்கூடாது. கொழும்புக்கு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணம் செய்வோருக்குப் பையினும் சிறந்த துணை ஒன்றுண்டு. கதலி வாழைப்பழத்தைச் சொல்கிறேன். அதன் உறை இயற்கை தைத்த பை. உரிக்கும் வரை உள்ளே அழுக்குப் புகாது. உரித்தபின் கழுவும் வேலையும் இல்லை.

நேயர்களே, தூய்மையை மாத்திரம் பேசி முடித்தால் பாதிதான் சொன்னவனாவேன். பை எத்துணை தூயதாயினும், அது குழந்தையின் நாளாந்த உண்கலமாகிவிடக் கூடாது. உறிஞ்சுதல் குழந்தை பிறக்கும்போதே அறிந்துவரும் தொழில். மெல்லுதலோ கற்கவேண்டிய தொழில். நாவை அசைத்துக் கட்டியை ஒருபுறம் தள்ளி ஈறாலும் பல்லாலும் நசுக்கப் பழகும் காலம் இதுவே. வழுவழுப்பான குழம்பை மாத்திரம் உறிஞ்சி வளரும் குழந்தைக்கு இப்பயிற்சி குறைகின்றது. எதை உண்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. முருங்கையிலையும் பூசணியும் மீனும் பருப்பும் ஒரே நிறக் குழம்பாகிவிடுகின்றன. பழக்குழம்பின் இனிப்பு முளைக்கும் பற்களில் நெடுநேரம் படுவதும் தீது. ஆகவேதான் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை, பையிலிருந்து நேரே உறிஞ்ச விடாமல் கரண்டியிற் பிழிந்து ஊட்டுமாறு பெற்றோருக்குச் சொல்கின்றது. ஒரு வயதளவில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டார் உண்ணும் உணவையே உண்ண வல்லவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

நம் மரபு இதனைச் சடங்காகவே வைத்திருக்கின்றது. குழந்தைக்கு முதன்முதற் சோறு தீற்றும் நாளை நாம் கொண்டாடுகின்றோம். முதற்பல் முளைத்ததும் குழந்தையை இருத்தித் தலையிலே பல்லுக்கொழுக்கட்டை சொரிகின்றோம். பல் முளைப்பது ஒரு வீட்டுக்கே திருநாள். அந்தப் பல்லுக்கு வேலை கொடுக்காமல் விடலாமா? குழையச் சமைத்த சோற்றிலே பருப்பும் முள் நீக்கிய மீனும் சேர்த்து, முதலில் மசியலாகவும், பின்னர் சிறு கட்டிகளாகவும், பின்னர் குழந்தை தானே எடுத்துண்ணும் துண்டுகளாகவும் படிப்படியாகக் கொடுங்கள். சிந்தும்; சிதறும்; சட்டையெல்லாம் பூசிக்கொள்ளும். துடைத்துவிடலாம். உண்ணும்போது குழந்தை நிமிர்ந்திருக்க, ஒருவர் அதன் முகம் பார்த்து இருக்கவேண்டும். பையைக் கையிற் கொடுத்துவிட்டு அப்பாற் செல்வோமானால், அன்றைய குழாய்ப் போத்தலின் வசதியையே மீண்டும் தேடியவராவோம்.

எறியும் பைகளைப் பற்றியும் ஒரு சொல். பிளாஸ்ரிக்கும் அலுமினியத் தகடும் படைபடையாக ஒட்டிச் செய்யப்படும் அவை மண்ணில் மக்கமாட்டா. மீள உருக்குவதும் அரிது. இலங்கையில் 2021ஆம் ஆண்டிலே சிறு பொதிகளுக்குத் தடை வந்தபோதும், உணவும் மருந்தும் அத்தடையினுள் அடங்கவில்லை. எனவே தடை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கவேண்டும். இவ்வகையிலே கழுவிப் பாவிக்கும் பை எறியும் பையினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆகவே, தாய்மாரே, பயணத்துக்கும் திருவிழாவுக்கும் வேலைநாளின் அவசரத்துக்கும் நல்லதோர் பை இருக்கட்டும். வாங்குமுன் உங்கள் இரண்டு விரல்களை அதனுள் விட்டுப் பாருங்கள். விரல் சென்ற இடமெல்லாம் தூய்மை செல்லும். விரல் செல்லாத இடத்தைக் குழந்தையின் வாய்க்குக் கொடாதீர்கள். வீட்டிலோ, கிண்ணமும் கரண்டியும் உங்கள் கையும் போதும். அக்கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அதனினும் இனிய கலம் இல்லை.